பறை என்றால் பேச்சு



நினைவுச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். சொற்பொழிவு அழகான சொல்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, பேச்சுக்குத் தமிழில் இருக்கும் இன்னொரு பழைய சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல் பறை.

பறை என்றதும் நம் கண்முன் வருவது தோற்கருவி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். பறைக்குக் கருவி என்ற பொருளும் உண்டு, சொல் என்ற பொருளும் உண்டு. பறவையின் சிறகும் பறைதான், தானியம் அளக்கும் அளவும் பறைதான். பறைதல் என்ற வினைக்குப் பொருள் சொல்லுதல், பேசுதல். மலையாளத்தில் இன்றுவரை ஒருவர் 'சொல்' என்பதற்குப் 'பற' என்றுதான் சொல்கிறார். அங்கே அமைச்சரும் அர்ச்சகரும் ஆசிரியரும் நாள் முழுக்கப் பறைகிறார்கள், அதில் எவருக்கும் தீட்டு இல்லை. தமிழிலோ அந்த வினை வழக்கிலிருந்து மெல்ல மறைந்தது. கருவியும் அதை அடித்தவர்மேல் சுமத்தப்பட்ட இழிவும் மட்டும் நிலைத்துவிட்டன.

பேச்சு என்ற பொருள் மங்கி, அடி என்ற பொருள் மட்டும் மிஞ்சியது எப்படி? மங்கிய பொருளை யார், எப்போது மீட்டார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் என் உரை.

1. அறிவிப்பவனும் ஆணையிடுபவனும்

பழைய நூல்களில் பறை இழிவான பொருள் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைப் பட்டியலிடும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. பறை இல்லாத நிலமே இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழா தொடங்கும் செய்தியை யானைமேல் முரசேற்றி ஒருவன் நகரத்துக்கு அறிவிக்கிறான். அவன் வெறுமனே தேதி சொல்லிவிட்டுப் போகவில்லை. மழை பொழிக, மன்னன் நெறி தவறாதிருக்க என்று வாழ்த்துகிறான். தெருக்களை எப்படி அலங்கரிக்க வேண்டும், பகை மறந்து எப்படி இருக்க வேண்டும் என்றும் ஊருக்கு எடுத்துச் சொல்கிறான். அவன் கையிலும் வாயிலும் ஓர் அதிகாரம் இருந்தது.

வள்ளுவரிடத்தில் பறை வேறொரு குணத்தோடு வருகிறது. 1076ஆம் குறளில், கேட்ட மறைவை வைத்திருக்க மாட்டாமல் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கயவர்களை அறையப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார். 1180ஆம் குறளில், காதல் நோயை ஊருக்குக் காட்டிக் கொடுக்கும் கண்ணைப் பறை என்கிறார். இரண்டிலும் பறை மறைக்கத் தெரியாத பொருள், உள்ளதை வெளியே சொல்லிவிடும் பொருள். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அயோத்திதாசரிடம் இது திரும்பி வரும்.

ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர் பெண்கள் கண்ணனிடம் கேட்பது பறை. அதற்கு வைணவ உரைகாரர்கள் பேறு என்றும் இறைத்தொண்டு என்றும் பொருள் விரித்தார்கள். மார்கழி விடியலில் அந்தச் சொல் கருவறை வாசலில் ஒலித்தது. பறையைக் கையில் ஏந்தியவர்களோ பல நூற்றாண்டுகள் கோயில் மதிலுக்கு வெளியே நின்றார்கள். சொல்லுக்கு உள்ளே அனுமதி இருந்தது, ஆளுக்கு இல்லை.

இந்தப் பிளவு எப்போது கல்லில் எழுதப்பட்டது என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து பக்கத்தில் இருக்கிறது பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நம் வட்டாரத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உயர்கல்விக்கூடம் இருந்தது என்று பாடப்புத்தகம் பெருமைப்படுகிறது. பெருமைப்படட்டும். ஆனால் அங்கே ஓதியவர்கள் யார், அந்த மூன்று ஊர்களின் வயல்களில் நாற்று நட்டவர்கள் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியது நம் கடமை. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில், தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் தனித்தனியாகக் குடியிருப்புகள் குறிக்கப்படுகின்றன. பேச்சைக் குறித்த சொல் அங்கே ஒரு குடியிருப்பின் எல்லையைக் குறிக்கிறது.

ஊரும் சேரியும் பிரிந்த பிறகும் அறிவிக்கும் வேலை நின்றுவிடவில்லை. இறப்பைச் சொல்ல, திருவிழாக் காப்புக் கட்டுவதைச் சொல்ல, ஏலத்தைச் சொல்ல, வரி கட்டச் சொல்ல, ஏரி மடை திறப்பதைச் சொல்ல சேரியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. நாற்பது வயது கடந்தவர்களுக்குத் தண்டோராவின் அந்த வாசகம் நினைவிருக்கும்: 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்...' இந்த வாக்கியத்தை இலக்கணம் படிக்கும் மாணவர்கள் கவனித்துப் பாருங்கள். இதில் எழுவாய் எங்கே? அறிவிப்பது யார்? நான் என்றும் இல்லை, நாங்கள் என்றும் இல்லை. குரல் அவனுடையது, மூச்சு அவனுடையது, நடந்து தேய்ந்த கால் அவனுடையது. சொல் மட்டும் அவனுடையதில்லை. மணிமேகலையின் முரசறைபவன் ஊருக்கு அறிவுரை சொன்னான். தண்டோராக்காரர் தமக்காக ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பேச்சு என்ற பொருள் மங்கியது இப்படித்தான். பேசும் வேலையை நம்மிடம் விட்டார்கள், பேசும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள்.

2. 1745: 'நாங்கள்' என்ற சொல்

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை வரலாற்று மாணவர்கள் எல்லோரும் அறிவீர்கள். துய்ப்ளேயின் போர்களுக்காகவும் கப்பல் கணக்குக்காகவும்தான் அதைப் படிக்கச் சொல்வார்கள். அதில் 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் குறிப்பு ஒன்றை நாம் நமக்காகப் படிக்க வேண்டும்.

அப்போது புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவரின் தூண்டுதலும் இருந்தது என்று பிள்ளை எழுதுகிறார். நகரத்தைச் சுற்றியிருந்த பெரிய பறைச்சேரி, சின்னப் பறைச்சேரி என்று பல சேரிகளிலிருந்து மக்கள் திரண்டு, மூத்த குருவான கேர்து பாதிரியார் முன்னால் போய் நின்றார்கள்.

அவர்கள் பேசியதன் சாரத்தைப் பிள்ளை பதிந்திருக்கிறார். நாங்கள் உண்மையில் உங்கள் சீடர்கள் என்றால் எல்லோரையும் ஒன்றுபோல நடத்த வேண்டும். கடவுள் தம்மை வணங்குவோரில் வேறுபாடு பார்ப்பதில்லை. சாதிக்காரர்கள் எங்களைத் தனியே ஒதுக்கினார்கள், சமமாக நடத்த வேண்டிய நீங்களும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். இதுதான் அவர்கள் வாதம்.

இதன் கட்டமைப்பைப் பாருங்கள். கெஞ்சல் இல்லை, வசவும் இல்லை. எதிரே இருப்பவர் எதை நம்புவதாகச் சொல்கிறாரோ, அதையே எடுத்து அவர் முன் வைக்கிறார்கள். நீங்கள் போதித்தது உண்மையென்றால் இந்தச் சுவர் பொய், சுவர் உண்மையென்றால் நீங்கள் போதித்தது பொய் என்று அவரை நிறுத்துகிறார்கள். கேட்டவரைக் கட்டிப்போட வேண்டும், இணங்காதவரும் விரும்பும்படி இருக்க வேண்டும் என்று சொல்வன்மைக்குத் திருவள்ளுவர் இலக்கணம் சொன்னார். வித்தியாஸ்தானத்தின் வாசலை மிதிக்காதவர்கள் அந்த இலக்கணப்படி பேசினார்கள். பாதிரியார் அதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் இடிந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், சச்சரவு ஆளுநர்வரை போனது. தேவாலயங்களில் பிரிவினை அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது என்பதும் உண்மை. ஒரு பேச்சு சாதியை ஒழித்துவிட்டது என்று நான் கதை சொல்லவில்லை. ஒரு பேச்சு ஒரு சுவரை இடித்தது. அது சிறிய செய்தியில்லை.

ஒரு குறை மட்டும் நெஞ்சில் தைக்கிறது. அன்று முன்னால் நின்று பேசியவர் யார்? ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா? பெயர் இல்லை. நாட்குறிப்பை எழுதியவர் துபாஷ், அவர் கண்ணுக்கு அவர்கள் ஒரு கூட்டம். நம் வாதம் இன்னொருவர் நோட்டுப்புத்தகத்தில் தங்கியதால் பிழைத்தது. ஆனாலும் தண்டோராவில் இல்லாத ஒன்று அங்கே வந்துவிட்டது. அது 'நாங்கள்' என்ற எழுவாய்.

3. 1892, 1893: பெயரோடு பேசுதல்

பெயரோடு, கையொப்பத்தோடு, அச்சில் பேசுவதற்கு இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழில் மேடை வந்தது. மதபோதகர்களின் பிரசங்கம், சைவர்களின் பிரசங்கம், சபைகளின் உபந்நியாசம், பிறகு சொற்பொழிவு என்று அந்த மேடைக்குப் பெயர்கள் மாறின. மேடையில் ஏறியவர்களின் சாதி பெரும்பாலும் மாறவில்லை.

1892இல் சென்னை மகாஜன சபையின் கூட்டம் விக்டோரியா நகர மண்டபத்தில் நடந்தபோது, நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் போயிருந்தார். எங்கள் மக்களை விஷ்ணு, சிவன் ஆலயங்களுக்குள் ஏன் விடக்கூடாது என்று கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், எங்கள் சாமிகள் உங்களுக்கானவை அல்ல என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியென்றால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் கிராமங்களில் தரிசு நிலமும் கொடுங்கள் என்று அயோத்திதாசர் திருப்பிக் கேட்டார். எதிராளி கொடுத்த மறுப்பையே படிக்கட்டாக்கி அடுத்த கோரிக்கைக்கு ஏறினார். 1745இல் கண்ட அதே வாதமுறை இதிலும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: பேசியவர் பெயர் நமக்குத் தெரியும், அவரே அதை எழுதி வைத்தார்.

மறு ஆண்டு, 1893 அக்டோபரில், அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் நான்கு பக்க மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். விலை இரண்டணா. பெயர் 'பறையன்'. சென்னையில் இரண்டு நாளில் ஏறக்குறைய நானூறு பிரதிகள் விற்றதாகத் தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் குறிப்பிடுகிறார். மூன்று மாதத்தில் அது வார இதழானது, 1900வரை நடந்தது. இந்தப் பெயரை வைக்காதே என்று சொன்னவர்கள் பலர். சீனிவாசனின் எண்ணம் வேறு. எந்தப் பெயரைச் சொல்லி உரிமையைப் பறித்தார்களோ, அந்தப் பெயரில் நின்று கேட்டால்தான் உரிமை வரும், பெயரை ஒளித்துக்கொண்டால் கேட்பதற்கு ஆளே இல்லாமல் போகும் என்பது அவர் நிலை. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள மனுவை லண்டனுக்கு அனுப்பினார். தண்டோராக்காரர் ஊர்க்காரர் சொல்லைச் சேரிக்குக் கொண்டுவந்தார். இந்த மனு சேரியின் சொல்லை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனது.

அயோத்திதாசருக்குப் 'பறையன்' என்ற பெயரில் உடன்பாடு இல்லை. பூர்வ பௌத்தர் என்பதே நம் அடையாளம் என்றார். ஆனால் அந்தப் பெயரை அவர் அப்படியே எதிரியிடம் விட்டுவிடவும் இல்லை. இந்திரர் தேச சரித்திரத்தில் அதற்கு விளக்கம் தருகிறார். வேஷ பிராமணர்கள் என்று அவர் அழைத்தவர்களின் பொய்யை மக்களிடம் பறைந்தவர்கள், அதாவது வெளிப்படச் சொன்னவர்கள், அதனாலேயே பழிக்கப்பட்டு அந்தப் பெயரைப் பெற்றார்கள் என்கிறார். மறைக்கத் தெரியாத பொருள் என்று குறளில் பார்த்த பறை, இங்கே மறைக்க மறுக்கும் மனிதனாகிறது.

இந்தச் சொல்லாராய்ச்சி சரியா என்று மாணவர்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் பெயருக்கு மூலம் பறை என்ற கருவியே என்றார். அறிஞர்களிடையே இதில் ஒத்த கருத்து இல்லை. பெயரின் மூலம் எதுவானாலும், பறைதல் என்றால் பேசுதல் என்பதில் எந்த அகராதிக்கும் ஐயம் இல்லை. அயோத்திதாசரின் சாதனையை மொழியியல் தராசில் மட்டும் நிறுக்கக் கூடாது. கருவியை அடிப்பவன் என்று உலகம் சுருக்கி வைத்திருந்த மனிதனை, உண்மையைச் சொல்பவன் என்று அவர் திருப்பி நிறுத்தினார். 1907இல் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கி 1914இல் மறையும்வரை வாரந்தோறும் அதையே செய்தும் காட்டினார்.

4. ஒரே ஆண்டில் இரு செய்திகள்

இந்தப் பெயரின் பயணத்தில் 1922ஆம் ஆண்டை மறக்கக் கூடாது. அந்த ஆண்டு ஜனவரியில் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பதிவேடுகளிலிருந்து பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை நீக்கி ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்பது கோரிக்கை. மார்ச்சில் அரசாணை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் நகரத்தில், பிரெஞ்சுக் காலனிகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்த வியட்நாமிய இளைஞர். தாளின் பெயர் 'லெ பரியா'. நம் சேரியிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குள் போன அதே சொல்.

சென்னையில் நம்மவர் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்ன பெயரை, பாரிஸில் அடிமைப்பட்ட நாட்டினர் தங்கள் குரலுக்குப் பெயராக வைத்தார்கள். இதில் யார் சரி? இருவரும் சரி என்பேன். அரசு நம்மீது எழுதும் பெயர் வேறு, நாமே எடுத்துப் பேசும் பெயர் வேறு. எம்.சி. ராஜா மறுத்தது முதலாவதை, சீனிவாசனும் பாரிஸ் இதழ்க்காரர்களும் செய்தது இரண்டாவதை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் ஒரு சொல்லின் மானம் இருக்கிறது.

சீனிவாசனும் அடுத்து சட்டமன்றத்துக்குப் போனார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்ற அவருடைய தீர்மானம் 1924இல் நிறைவேறியது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து பேசினார்.

5. அடிக்க மறுத்தலும் அடித்துப் பேசுதலும்

சட்டமன்றத்தில் பேச்சு மீண்டாலும், கிராமத்தில் கருவி தோளை விட்டு இறங்கவில்லை. நமக்கு அண்டையில், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள், சாவுக்குப் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் மறுக்கும்படி மக்களைத் திரட்டினார். மறுத்த ஊர்களில் வேலை மறுக்கப்பட்டது, அடி விழுந்தது. அகில இந்திய அளவில் தீண்டாமை பற்றி 1969இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் அவர்தான். அடிக்க மாட்டேன் என்பதும் ஒரு பேச்சுத்தான் என்பதை அந்தத் தலைமுறை காட்டியது.

அடுத்த தலைமுறை இன்னொரு வழியில் போனது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தாங்களே எடுத்து, அரங்கத்தில் நிமிர்ந்து நின்று அடித்தார்கள். சாவு வீட்டு வாசலில் குனிந்து அடித்த அதே தோல்தான். ஆனால் எப்போது அடிப்பது, எதற்கு அடிப்பது, எவ்வளவு ஊதியம் என்பதை அடிப்பவர் முடிவு செய்தார். மறுத்தவர்களுக்கும் மீட்டவர்களுக்கும் இடையே நம் இயக்கத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: என் ஒலிக்கு நானே எழுவாயாக இருக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். எழுவாய் இல்லாத அந்த வாக்கியம் அரசளவில் முடிவுக்கு வந்தது. வரவேற்போம். ஆனால் மற்றவர் செய்தியை அறிவிக்கும் வேலை போனதாலேயே நம் செய்தியைச் சொல்லும் இடம் வந்துவிடாது.

ஏம்பலத்தில் நின்று இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களில் 5 பேர் தனித்தொகுதிகளிலிருந்து போகிறார்கள்: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு. அந்த அவைக்கு வெளியே, ஊர் மட்டத்தில், நாம் எங்கே பேசுகிறோம்? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் தேர்தல் இல்லை. ஒரு சேரிப் பெண் எழுந்து, எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை எங்கே என்று கேட்பதற்கு, அவள் வாக்களித்து அமைத்த மன்றம் ஒன்று வேண்டும். அது இல்லாத ஊரில் மறுபடியும் அறிவிப்பு மட்டுமே வரும், நாம் கேட்டுக்கொண்டு நிற்போம்.

மாணவர்களுக்கு இரண்டு வேலை சொல்லி முடிக்கிறேன். நாளிதழில் 'பெருமையைப் பறைசாற்றுகிறது' என்று எழுதும் இடங்களைக் கவனியுங்கள். அந்தச் சொல்லுக்குள் யாருடைய கால்கள் நடந்திருக்கின்றன என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் ஊரில் தண்டோரா போட்ட பெரியவர், சாவு மேளத்தை மறுத்ததற்காக அடி வாங்கியவர், பொதுக் கிணற்றில் முதலில் குடம் இறக்கிய பெண் யாராவது உயிரோடு இருந்தால், அவர்கள் முன் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும்படியே, 'நான்' என்ற எழுவாயோடு, அவர்கள் சம்மதத்தோடு பெயரும் போட்டு எழுதுங்கள். 1745இல் சுவரை இடித்தவர்களின் பெயரை நாம் இழந்துவிட்டோம். இனி ஒரு பெயரையும் இழக்கக் கூடாது.

ஜெய்பீம்.